தீவில் இறங்கலாமா?

கேள்வி: அக்கா, டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் வருகிறோம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் நாலைந்திலாவது இறங்கிப் பார்க்க மகனுக்கு ஆசை. வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது; அதில் போட நாலு பவளம் பொறுக்கி வரலாமா? எத்தனை நாள் ஒதுக்கலாம்? - வாசகர், சேலம்.

பதில்: தம்பி, தீவு ஆசையை முதலில் தள்ளி வையுங்கள். 1986-ல் பூங்காவாக அறிவித்த இடம் இது. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு தீவிலும் கால் வைக்க முடியாது. "நான் இறக்கி விடுறேன் சார்" என்று கரையில் யாராவது பேரம் பேசினால் நகர்ந்துவிடுங்கள். பிடிபட்டால் அவர் படகும் போச்சு, உங்கள் லீவும் போச்சு.

மண்டபம் ஊரில் பிறந்து வளர்ந்தவள் சொல்கிறேன், தீவுக்கு மேலே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மணலும் முட்புதரும்தான். பூங்காவின் பரப்பு 560 சதுர கிலோமீட்டர்; அதில் தரை கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். பவளப்பாறை, கடல்புல், புல்லை மேயும் கடல்பசு எல்லாம் அடியில். கடல்பசுவைக் காட்டுகிறேன் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. கடலோடிகளுக்கே அது அபூர்வம்.

அடியில் இருப்பதைப் படகிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். டிசம்பரில் மழையும் புயல் எச்சரிக்கையும் மாறி மாறி வரும். தனுஷ்கோடியை அழித்த 1964 புயல் டிசம்பர் 22 இரவில் வந்ததுதான். எச்சரிக்கைக் கொடி ஏறினால் படகு கிளம்பாது. கோடை லீவும் வேண்டாம். மே மாதம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால், நாங்கள் ஆண்கடல் என்று சொல்லும் இந்த மன்னார் வளைகுடா புரட்டி எடுக்கும். என் கணக்கில் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. கடல் குளம்போல் கிடக்கும், தனுஷ்கோடிப் பக்கம் பூநாரையும் நிற்கும். பள்ளிக்கு ஒரு வெள்ளி, ஒரு திங்கள் லீவு சொல்லுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.

இரண்டு பகல் போதும். முதல் நாள் பாம்பன் குந்துகால். 1897-ல் இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் கரையேறிய இடம் அது. அன்றைக்கு வனத்துறைப் படகு உண்டா என்று முந்தின நாளே போனில் கேட்டுவிட்டு, காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏற ஏற காற்றும் ஏறும். மறுநாள் வடக்கே, பாக் நீரிணைப் பக்கம் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் ஊர்க்காரர்களே படகில் கூட்டிப்போவார்கள். அது பூங்கா எல்லைக்கு வெளியே இருந்தாலும், சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கும் என்பேன்.

டிசம்பரை மாற்றவே முடியாதென்றால், படகை நம்பித் திட்டம் போடாதீர்கள். கோயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி அரிச்சல்முனை என்று வைத்துக்கொண்டு, படகு ஓடினால் லாபம் என்று வாருங்கள்.

பவளமா? கூடவே கூடாது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் புலியோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள் அதை. கரையில் ஒதுங்கிய செத்த துண்டுக்கும் சட்டம் அதேதான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டித்தான் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகளும் அலையைத் தாங்கமாட்டாமல் முழுகின. தொட்டிக்கு சேலத்திலேயே கூழாங்கல் கிடைக்கும் தம்பி.