முதல் மல்லிகன் இலவசமா? வாக்கெடுப்புக்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: சிங்கப்பூரில் நண்பர்கள் 14 பேர் வாராவாரம் மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டம் ஆடுகிறோம். கடைப் போட்டி இல்லை, எங்களுக்குள் நடத்தும் லீக். அவரவர் அமைத்துக்கொண்ட 60 கார்டு டெக், இருவர் ஆட்டம், மூன்றில் இரண்டு ஜெயித்தால் வெற்றி. 'முதல் கை பிடிக்கவில்லை என்றால் ஒரு தடவை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம், அடுத்த கையும் முழு ஏழு கார்டு' என்று விதியை மாற்றச் சொல்கிறார் ஒருவர். பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். புள்ளிக் கணக்கைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பதால் பஞ்சாயத்தும் என் தலையில் விழுந்திருக்கிறது. எது நியாயம்? மனக்கசப்பு இல்லாமல் எப்படி முடிப்பது?

பதில்: இருவர் ஆடும் 60 கார்டு லீக்கில் நிபந்தனையே இல்லாத இலவச மல்லிகனுக்கு (பிடிக்காத தொடக்கக் கையைத் திருப்பிப் போட்டு மாற்றுவதுதான் மல்லிகன்) நான் வாக்களிக்க மாட்டேன். நிபந்தனை போட்டால் ஒரு சீசன் ஓட்டிப் பார்க்கலாம். ஏன் என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

அதற்கு முன் ஒரு சின்ன விசாரணை. இப்போது உங்கள் மேசைகளில் எந்த மல்லிகன் நடக்கிறது? எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். வீட்டு லீக்குகளில் ஓரிருவர் தாங்கள் கற்ற காலத்து விதியிலேயே ஆடிக்கொண்டிருப்பது சகஜம். இந்த விதி பலமுறை மாறியிருக்கிறது. ஆட்டம் வெளிவந்தது 1993-ல். ஆரம்ப காலத்தில் ஏழு கார்டில் ஒரு லேண்ட்கூட (மற்ற கார்டுகளை இறக்கச் செலவாகும் மனாவைத் தரும் கார்டு) இல்லை, அல்லது ஏழுமே லேண்ட் என்றால் மட்டும் கையை எதிராளியிடம் காட்டிவிட்டு ஒரு முறை மாற்றலாம். 1997-ல் பாரிஸில் நடந்த புரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டியின் பெயர் ஒட்டிக்கொண்ட விதி வந்த பிறகு காரணம் சொல்லத் தேவையில்லை, எத்தனை முறையும் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கார்டு குறைவாக எடுக்க வேண்டும். 2015-ல் வான்கூவர் விதி: குறைந்த கையோடு தொடங்குபவர் டெக்கின் மேல் கார்டை ஒரு தடவை பார்த்து, வேண்டாமென்றால் அடியில் தள்ளலாம். 2019 ஜூலையில் கோர் செட் 2020 என்ற கார்டுத் தொகுப்புடன் வந்த லண்டன் விதிதான் இன்றைக்கும் அதிகாரபூர்வம். எத்தனையாவது மல்லிகனாக இருந்தாலும் ஏழு கார்டு எடுக்கிறீர்கள். எத்தனை முறை மாற்றினீர்களோ அத்தனை கார்டை நீங்களே தேர்ந்தெடுத்து டெக்கின் அடியில் வைக்கிறீர்கள்.

மாற்றம் கேட்கும் நண்பர் இன்னும் பாரிஸ் முறையில் ஆறு கார்டு எடுத்து அவதிப்படுபவர் என்றால், லண்டன் விதியை ஒழுங்காகப் பின்பற்றினாலே அவர் குறை பாதி தீர்ந்துவிடும். வாக்கெடுப்பே தேவைப்படாமல் போகலாம்.

அப்படியும் தீரவில்லை என்றால் கணக்குக்கு வருவோம். 60 கார்டில் 24 லேண்ட் வைத்திருக்கும் சாதாரண டெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஏழு கார்டில் லேண்டே இல்லாமலோ ஒன்றே ஒன்றோ வர 14.3% வாய்ப்பு. ஆறோ ஏழோ வர 1.3%. இந்த இரண்டையும் 'ஆட முடியாத கை' என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 15.6%, ஏறத்தாழ ஆறு ஆட்டத்துக்கு ஒன்று. இரண்டு முறை பார்க்கக் கிடைத்தால் இரண்டுமே ஆட முடியாத கையாக இருக்கும் வாய்ப்பு 2.4%-க்கு இறங்கிவிடும். உங்கள் நண்பர் சொல்லும் நியாயம் இதுதான், அது உண்மையான நியாயமும்கூட. ஒரு மணி நேரம் எம்ஆர்டியில் வந்து, லேண்ட் வராமல் மூன்று டர்ன் சும்மா உட்கார்ந்துவிட்டுத் தோற்பதில் யாருக்கும் சந்தோஷம் கிடையாது.

இப்போது இன்னொரு டெக். குறிப்பிட்ட ஒரு கார்டு கையில் வந்தால்தான் ஓடும் காம்போ டெக். அந்தக் கார்டு நான்கு பிரதி இருக்கிறது. முதல் ஏழில் ஒன்றாவது வர 40% வாய்ப்பு. அதாவது பத்தில் ஆறு ஆட்டத்தில் இந்த ஆளுக்குக் கையை மாற்றும் ஆசை வரும். லண்டன் விதியில் ஒரு கார்டைப் பறிகொடுத்து இரண்டாம் கை பார்த்தால் தேடியது கிடைக்கும் வாய்ப்பு 64% ஆகிறது. முதல் மாற்றம் இலவசம் என்றால் அதே 64% ஓசியில் கிடைக்கிறது. ஒரு கார்டைப் பறிகொடுக்கத் தயார் என்றால் மூன்று கை பார்க்கலாம், 78%.

இலவச மல்லிகன் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் விதிதான். அதன் லாபம் மட்டும் ஒரே மாதிரி போகாது. யார் எத்தனை தடவை கையை மாற்றுகிறாரோ அத்தனை தடவை அவருக்குப் போகும். சாதாரண டெக் ஆடுபவர் ஆறு ஆட்டத்துக்கு ஒரு முறை ஒரு கார்டு மிச்சம் பிடிப்பார். தேடி ஆடுபவர் பத்தில் ஆறு முறை மிச்சம் பிடிப்பார். துரதிர்ஷ்டசாலிக்கு உதவ வந்த விதி, துரதிர்ஷ்டமே இல்லாத ஆளுக்கு அதிகமாக உதவிக்கொண்டிருக்கும். நம் ஊர் ரம்மியில் மோசமான கையை ஸ்கூட் விட்டால் 20 புள்ளி, நடுவில் விட்டால் 40 என்று ஏன் வைத்திருக்கிறார்கள்? ஸ்கூட்டுக்குப் புள்ளியே இல்லை என்றால் ஜோக்கர் வரும்வரை எல்லோரும் விட்டுக்கொண்டே இருப்பார்கள். மல்லிகனில் குறையும் அந்த ஒரு கார்டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இதோடு நிற்காது. விதி மாறியதும் டெக்குகளும் மாறும். இதை வாக்கெடுப்பின்போது யாரும் யோசிப்பதில்லை. இரண்டு கை நிச்சயம் என்று தெரிந்தவுடன் கெட்டிக்காரர் 24 லேண்டை 21 ஆக்குவார். அவருக்கு ஆட முடியாத கை வரும் வாய்ப்பு 22% ஆக ஏறும்தான். ஆனால் இலவச மாற்றத்தையும் சேர்த்தால் 5%. இன்றைய 15.6%-ஐ விட எவ்வளவோ குறைவு, கூடவே மூன்று இடத்தில் லேண்டுக்குப் பதில் நல்ல கார்டு. இரண்டு மாதத்தில் லீக் முழுக்க இப்படி மாறியிருக்கும். மாற்றாதவர்கள் ஏன் தோற்கிறோம் என்றே புரியாமல் தோற்பார்கள்.

உங்கள் கூட்டத்தில் யாராவது கட்டாயம் எழுந்து, 'கமாண்டரில் முதல் மல்லிகன் இலவசம்தானே' என்று கேட்பார் (கமாண்டர் என்பது மேஜிக்கைப் பெரும்பாலும் நான்கு பேர் சேர்ந்து ஆடும் வடிவம்). உண்மை. இருவருக்கு மேல் ஆடும் ஆட்டங்களில் முதல் மல்லிகன் கணக்கில் வராது என்பது அதிகாரபூர்வ விதி. ஆனால் கமாண்டரில் 99 கார்டு, அடிப்படை லேண்ட் தவிர எல்லாம் ஒரே ஒரு பிரதி. குறிப்பிட்ட ஒரு கார்டு முதல் ஏழில் வர 7%. இரண்டு கை பார்த்தாலும் 14%-ஐத் தொடாது. தேடி ஆடுவதே அங்கே கஷ்டம். நான்கு பேர் நீண்ட நேரம் ஆடும் மேசையில் ஒருவர் லேண்ட் இல்லாமல் வேடிக்கை பார்ப்பதோ பெரிய தொந்தரவு. அங்கே பொருந்தும் காரணம் இரண்டுமே உங்கள் லீக்கில் இல்லை.

மற்ற ஆட்டங்களையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சில் உதவும். போகிமான் கார்டு ஆட்டத்தில் கையில் பேசிக் போகிமான் (நேரடியாக இறக்கக்கூடிய அடிப்படைக் கார்டு) இல்லையென்றால் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் கையைக் காட்ட வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிராளி விரும்பினால் ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம். ஒன் பீஸ் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை, ஐந்து கார்டையும் திருப்பிப் போட்டு எடுக்கலாம், அதன் பிறகு பேச்சே இல்லை. யு-கி-ஓவில் மல்லிகனே கிடையாது. ஒவ்வொன்றும் தன் டெக் அமைப்புக்கு ஏற்ப விலையை வைத்திருக்கிறது.

நான் சொல்லும் சமரசம் பழைய விதியிலிருந்து எடுத்தது. கையில் லேண்ட் 0, 1, 6 அல்லது 7 இருந்தால், எதிராளியிடம் காட்டிவிட்டு ஒரு முறை முழு ஏழு கார்டாக மாற்றிக்கொள்ளலாம். வேறு எந்தக் காரணத்துக்கும் வழக்கமான லண்டன் விதி. லேண்ட் வராத கஷ்டத்துக்கு நேரடி மருந்து இது. தேடி ஆடுபவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. இதிலும் ஓட்டை உண்டு: லேண்ட் மிகக் குறைவாக வைத்து ஆடும் டெக் அடிக்கடி 'தகுதியான' மோசமான கையைக் காட்டும். குறைந்தது 22 லேண்ட் வைத்திருக்கும் டெக்குக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இனி பேச்சை நடத்துவது. ஆரம்பத்திலேயே ஒவ்வொருவரும் இப்போது என்ன டெக் ஆடுகிறார் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசட்டும். காம்போ ஆடுபவர் இலவச மல்லிகனை ஆதரித்துப் பேசுவதில் தப்பில்லை. அவர் காம்போ ஆடுகிறார் என்பது மேசையில் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 'போன வாரம் எனக்கு மூன்று ஆட்டம் லேண்டே வரவில்லை' போன்ற கதைகளுக்கு ஆளுக்கு ஒன்று என்று கட்டுப்பாடு வையுங்கள். கார்டு ஆடுகிறவர்களிடம் இந்தக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது, இரவு முழுக்க ஓடும்.

பிறகு சோதனை. இதில் 2019-லிருந்து ஒரு பாடம் இருக்கிறது. லண்டன் விதியை நிரந்தரமாக்கும் முன் மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனில் நடந்த மித்திக் சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டியில் அதைச் சோதித்தது. காம்போ டெக்குகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று பலர் பயந்தார்கள். கடைசியில் கோப்பையை வென்றது ஹியூமன்ஸ், ஆட்களை வரிசையாக இறக்கி அடிக்கும் டெக். பயந்தவர்களைக் கேலி செய்ய இது போதுமானதாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு போட்டியில் யார் வென்றார் என்பது விதியைப் பற்றி அதிகம் சொல்லாது. மேலும் அந்தப் போட்டியில் ஆட்டக்காரர்கள் ஒருவர் டெக் பட்டியலை மற்றவர் பார்க்கும் ஏற்பாடும் இருந்தது. எதிராளி என்ன டெக் என்று தெரிந்தால் எந்தக் கையை வைத்துக்கொள்வது என்ற முடிவே மாறிவிடும். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் சோதித்தால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. உங்கள் சோதனைக் காலத்தில் தடைப் பட்டியல், புள்ளி முறை எதையும் தொடாதீர்கள்.

வெற்றி விகிதத்தை வைத்தும் தீர்ப்பு சொல்லாதீர்கள். 14 பேர், வாரம் மூன்று சுற்று என்றால் ஏறத்தாழ 50 ஆட்டம். நான்கு வாரத்தில் 200. ஒரே டெக் 200 ஆட்டம் ஆடினால்கூட 50%-க்கும் 55%-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வரலாம்; உங்கள் லீக்கில் ஒருவர் ஆடுவது அதில் சிறு பகுதிதான். நேரடியாக எண்ணக்கூடியதை எண்ணுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு துண்டுத் தாள் வையுங்கள். கையை மாற்றியவர் காரணத்துக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும்: லேண்ட் குறைவு, லேண்ட் அதிகம், தேடல். முதல் இரண்டு வாரம் இப்போதைய விதி, அடுத்த இரண்டு வாரம் புதிய விதி. 'தேடல்' கோடுகள் இரண்டு மடங்கு ஆகிவிட்டால் விவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். சுற்று எப்போது முடிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மல்லிகனும் ஒரு முழு ஷஃபிள், எதிராளி வெட்டுவது எல்லாம் சேர்ந்தது. 50 நிமிடச் சுற்றில் இது சின்ன விஷயம் இல்லை.

முடிவு எதுவானாலும் அமலுக்கு வரும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நடப்பு சீசன் முடிந்த பிறகு வரும் தேதியாக. 2024 செப்டம்பர் 23 அன்று கமாண்டர் விதிக் குழு மனா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடு (Nadu) என்ற நான்கு கார்டுகளைத் திடீரென்று தடை செய்தது. முதல் மூன்றும் விலை உயர்ந்தவை. பணம் போட்டு வாங்கியவர்கள் கொதித்தார்கள், குழுவினருக்கு மிரட்டல்வரை போனது, ஒரே வாரத்தில் கமாண்டர் நிர்வாகமே விசார்ட்ஸ் கைக்கு மாறியது. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. உங்கள் லீக்கில் அந்த அளவுக்குப் பணம் புழங்காது என்றாலும், சீசன் நடுவில் தன் டெக் பலவீனமாவதை யாரும் ரசிக்க மாட்டார்கள்.

விதியோடு ஒரு காலாவதித் தேதியையும் எழுதுங்கள்: ஒரு சீசன் முடிந்ததும் தானாகவே பழைய விதி திரும்பும், வேண்டுமென்றால் மறுபடி வாக்களித்து நீட்டிக்கலாம். பெரிய இடத்திலேயே விதிகள் நிலைப்பதில்லை. 2009-ல் மேஜிக் 2010 என்ற தொகுப்பு வந்தபோது மனா பர்ன் (செலவாகாத மனாவுக்காக உயிர்ப்புள்ளி இழக்கும் விதி) போனது, சண்டையில் பல பிளாக்கர்களுக்கு (தாக்குதலைத் தடுக்கும் கார்டுகளுக்கு) அடி பகிரும் வரிசை முறை வந்தது. மனா பர்ன் போனதற்கு அன்று அழுதவர்களில் பலருக்கு இன்று அது ஞாபகம்கூட இருக்காது. அந்த வரிசை முறையோ 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்பு வந்தபோது எடுத்தே விடப்பட்டது. வாக்கெடுப்பில் 14-க்கு 8 என்று ஒரு வாக்கில் தப்பித்து நிறைவேறும் விதியை நான் ஏற்க மாட்டேன். பத்துப் பேராவது வேண்டும் என்று வையுங்கள். அதற்குக் குறைந்தால் அதிகாரபூர்வ விதியே தொடரட்டும்.

கடைசியாக, உங்களில் யாராவது கடைகளில் நடக்கும் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளுக்கும் போவதாக இருந்தால் வீட்டு விதி அங்கே செல்லாது. அவர்கள் போட்டிக்கு முந்தைய வாரம் மட்டும் உங்கள் மேசையிலும் லண்டன் விதிப்படி ஆட அனுமதியுங்கள். எதிரில் உட்காருபவரிடம் அதை முதல் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.