இன்சூரன்ஸ் கார்டைக் காட்டுவதா, கைக்காசு கட்டுவதா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம், மூன்று பேர் குடும்பம். ஆபீசில் தந்த ஹை டிடக்டிபிள் பிளானில் முதல் 5,000 டாலர் எங்கள் பொறுப்பு. மகனுக்குக் காதுவலி என்று போனதற்கு இன்சூரன்ஸ் வழியாக 190 டாலர் பில் வந்தது. அதே கிளினிக்கில் கைக்காசு கட்டினால் 110-தானாம். இனிமேல் கார்டையே காட்டாமல் விட்டுவிடலாமா?

பதில்: பெரும்பாலும் விடலாம், இன்சூரன்ஸ் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைச் சொல்லி மறுக்கிற கிளினிக்குகளும் உண்டு. ஆனால் நீங்கள் கட்டும் அந்த 110 டிடக்டிபிள் கணக்கில், அதாவது உங்கள் பொறுப்பான அந்த 5,000-இல், தானாக ஏறாது, சிக்கலே அங்கேதான்.

வருஷத்துக்கு நான்கு தடவை போகிறீர்கள் என்று வையுங்கள். கைக்காசு 440, இன்சூரன்ஸ் வழி 760, ஆக 320 டாலர் மிச்சம். சரி, அதே வருஷம் நவம்பரில் யாருக்காவது அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் வந்தால்? 5,000 எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள், கார்டைக் காட்டியிருந்தால் அந்த 760 அதற்குள் கழிந்திருக்கும், இப்போது 440 வெளியே நின்றுவிட்டதால் அதிகபட்சம் அவ்வளவு வரை நஷ்டம். எனவே பெரிய செலவு எதுவும் கண்ணில் படாத வருஷத்தில் சளி, காது, தொண்டைக்குக் கைக்காசே லாபம் என்பது என் கணக்கு. பிரசவம், ஆபரேஷன், மாதாமாதம் விலை உயர்ந்த மருந்து என்று ஏதாவது இருந்தால் ஜனவரி முதல் நாளிலிருந்தே கார்டை நீட்டுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

வருடாந்திரச் செக்கப்புக்கும் குழந்தைகள் தடுப்பூசிக்கும் மட்டும் கைக்காசு கட்டிவிடாதீர்கள். நெட்வொர்க் டாக்டரிடம் (உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்) போனால் டிடக்டிபிளுக்கு முன்பே அவை இலவசம். (செக்கப்புக்குப் போன இடத்தில் "அப்படியே இந்த முழங்காலையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றால் அதற்குத் தனி பில் வரலாம், நம்மவர்கள் நிறையப் பேர் மாட்டுவது இதில்தான்.)

உங்கள் பிளான் ஹெச்.எஸ்.ஏ.வுக்கு (மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் பணம் போட்டு வைக்கும் சேமிப்புக் கணக்கு) தகுதியானதா என்றும் பாருங்கள். தகுதி இருந்தால் கைக்காசையும் அந்தக் கணக்கிலிருந்தே கட்டலாம், இன்சூரன்ஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்று விதி இல்லை. 2026-இல் குடும்பத்துக்கு 8,750 டாலர் வரை போடலாம், சம்பளத்திலேயே பிடிக்கச் சொன்னால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியும் மிச்சம். கணக்கு தொடங்கிய பிறகு வந்த பில்லாக இருந்தால் பணத்தை எத்தனை வருஷம் கழித்தும் எடுத்துக்கொள்ளலாம், அதனால் ரசீதை போனில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவம் அல்லாத செலவுக்கு 65 வயதுக்குள் எடுத்தால் வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் உண்டு.

அப்புறம், கேட்கிற நேரம் முக்கியம். கார்டைக் கொடுத்து க்ளெய்ம் போய்விட்டால் திருப்புவது பெரும்பாடு. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே செல்ஃப்-பே ரேட், அதாவது கைக்காசு விலை, என்ன என்று கேளுங்கள், 2022 முதல் அந்த மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. 110-க்குள் லேப் டெஸ்ட்டும் சேர்த்தியா என்று அப்போதே கேட்டுவிடுங்கள், தொண்டையில் பஞ்சு வைத்து எடுக்கும் டெஸ்ட்டுக்கு லேபிலிருந்து தனியாக ஒரு பில் வீட்டுக்கு வரலாம்.