பாட்டு முடிந்துவிட்டதா, இல்லையா?

முப்பது வருடங்களாகப் புரோகிரசிவ் ராக் (நீளமும் சிக்கலும் நிறைந்த ஒரு வகை ராக் இசை) கேட்டு வருவதையும், எட்டிப் போக முடிகிற கச்சேரிக்கெல்லாம் ஓடுவதையும் சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதிவிட்டேன். வழக்கமாக மாமியார் தொல்லையும் தூக்கமின்மையும் வந்து குவியும் தபாலில், இந்த முறை ஏழு எண்ணிக்கைத் தாளம், மெலோட்ரான் கீபோர்டு என்று கடிதங்கள். மாமியார்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: இந்தப் பாட்டுகள் ஏன் இருபது நிமிடம் ஓடுகின்றன? "இன்னுமா முடியவில்லை?" என்று அறை நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எதில் தொடங்கினால் அவர்களையும் இழுக்கலாம்? (கல்லூரி மாணவர்)

பதில்: பாதிக் காரணம் கலை ஆசை, மீதிப் பாதி இசைத்தட்டு. எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் இருபது நிமிட இசையைத்தான் நல்ல தரத்தில் பதிக்க முடியும். மற்றவர்கள் அந்த இடத்தை ஐந்தாறு பாட்டாகப் பங்கு போட்டார்கள். இவர்கள் மொத்தத்தையும் ஒரே பாட்டின் பெயருக்குப் பட்டா எழுதிவிட்டார்கள். 1972-இல் யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' 18 நிமிடத்தைத் தாண்டியது. அதே வருடம் ஜெனிசிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி' சுமார் 23 நிமிடம். அதுவும் போதாதென்று ஜெத்ரோ டல் குழு முழுத் தட்டையும், இரண்டு பக்கத்தையும் சேர்த்து, ஒரே பாட்டாக்கியது. அவர்களுடைய முந்தைய தட்டை விமர்சகர்கள் ஒரே கருத்தைச் சுற்றிப் பின்னிய தொகுப்பாகப் பேசியதில் எரிச்சலடைந்த அந்தக் குழுவின் பாடகர் இயன் ஆண்டர்சன், "கருத்துத் தொகுப்பா வேண்டும், இதோ" என்கிற தோரணையில் செய்த கேலி அது. கேலி அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய்விட்டது!

நண்பர்களிடம் இருபது நிமிடத்தை நீட்டாதீர்கள், தம்பி. ரஷ் குழுவின் 'டாம் சாயர்' நாலரை நிமிடம்தான். அதைப் போட்டுவிட்டு எதுவும் விளக்காமல் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். விளக்கம் சொல்லியே இந்த இசைக்கு ஆள் சேராமல் செய்த கூட்டம் எங்களுடையது.

கேள்வி: என் கணவரும் உங்களைப் போன்றவர்தான். கல்யாணமான ஆறு வருடத்தில் ஒன்பது கச்சேரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். கீபோர்டுக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் எனக்குக் கொட்டாவி வருகிறது. அவர் முகம் வாடிவிடுகிறது. எனக்கு ரசனை போதாதா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: தாராளமாகக் கொட்டாவி விடுங்கள். மேடையில் உட்கார்ந்திருந்த கீபோர்டுக்காரருக்கே அலுத்துப்போன கதை உண்டு. 1973-இல் யெஸ் வெளியிட்ட இரட்டைத் தட்டில் மொத்தம் நாலே பாட்டு, பக்கத்துக்கு ஒன்று. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கு அந்தத் தட்டு பிடிக்கவில்லை. மான்செஸ்டரில் ஃப்ரீ டிரேட் ஹால் மேடையில் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போது, கருவிகளைக் கவனிக்கும் உதவியாளர் "இரவு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். கச்சேரி முடிந்த பிறகு சாப்பிடத்தான் கேட்கிறார் என்று நினைத்து வேக்மன் குழம்பு, சோறு என்று அடுக்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பொட்டலங்கள் மேடைக்கே வந்துவிட்டன! கீபோர்டின் மேலேயே பரப்பி வைத்துச் சாப்பிட்டதாகவும், பாடகர் ஜான் ஆண்டர்சன் நடந்து வந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டதாகவும் வேக்மனே பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் அவர் குழுவை விட்டு விலகினார். பிறகு திரும்பி வந்தார், மறுபடி விலகினார். நம் வீட்டுச் சண்டைகள் எவ்வளவோ தேவலை.

ஒன்பதில் இரண்டு உங்களுக்குப் பிடித்திருந்தால் அந்த இரண்டு வகைக்கு மட்டும் போங்கள். மற்றவற்றுக்கு அவர் தனியாகப் போகட்டும். பக்கத்து நாற்காலிக்காரர் ரசிக்கிறாரா என்று நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கும் மனிதருக்குக் கச்சேரியும் கிடைப்பதில்லை, பக்கத்து நாற்காலியும் கிடைப்பதில்லை. என் கணவர் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியிலேயே துப்பறியும் நாவல் படிப்பார். இருபத்திரண்டு வருடமாக இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை.

கேள்வி: கூட்டம் உற்சாகமாகக் கைதட்டத் தொடங்குகிறது. அரை நிமிடத்தில் சிதறிவிடுகிறது. தப்பு யாருடையது?

பதில்: ஏழினுடையது. பிங்க் ஃபிளாய்டின் 'மனி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் ஏழு எண்ணிக்கையில் சுழல்கிறது. கூட்டத்தின் கையோ ஒன்றுவிட்டு ஒன்று தட்டிப் பழகியது. முதல் சுற்றில் இரண்டு, நாலு, ஆறில் தட்டுவீர்கள். அடுத்த சுற்றில் அதே கை ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில் போய் விழும். மூன்றாவது சுற்றில் மறுபடி சரியாக இருக்கும். அதாவது ஒரு சுற்றில் டிரம்ஸோடு நண்பர், அடுத்த சுற்றில் பகைவர். நாலாயிரம் பேர் ஒரே நேரத்தில் இதை உணர்ந்து, நாலாயிரம் விதமாகத் திருத்திக்கொள்கிறார்கள். அந்த இரைச்சல்தான் உங்கள் காதில் விழுவது.

நம் கையில் இதற்கு வைத்தியம் இருக்கிறது. கர்நாடக இசையின் மிஸ்ர சாப்பு தாளம் தெரிந்தவர்களுக்கு ஏழு என்பது அந்நியம் அல்ல. தகிட தகதிமி, அவ்வளவுதான். 'மனி'க்கு அதையே திருப்பிப் போட்டு, தகதிமி தகிட என்று விலோம சாப்பாக எண்ணினால் இன்னும் சுகமாக உட்காரும் என்பது என் அனுபவம். உதட்டுக்குள் எண்ணுங்கள், சத்தமாக வேண்டாம். ஒரு முறை முன்வரிசைக்காரர் திரும்பி, நான் ஜெபம் செய்கிறேனா என்று கேட்டார். நடுவில் கிடார் தனி வாசிப்பு வரும்போது பாட்டு நாலுக்கு மாறும். அப்போது கூட்டத்தின் முகத்தைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்களின் நிம்மதி தெரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பாட்டு முடிந்துவிட்டது என்று நினைப்பது. பெரிதாக எழும்பி, அடங்கி, அமைதியாகிவிடும். நீங்கள் எழுந்து நின்று கத்துவீர்கள். அது அமைதியான பகுதியின் தொடக்கமாக இருக்கும். எனக்கு இருபத்து நாலு வயதில் நடந்தது. அரங்கம் முழுவதும் மூச்சுப் பிடித்திருந்த அந்த நொடியில் என் குரல் மட்டும் எழுந்தது. பாடகர் என் பக்கம் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார். இன்றும் டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கைதட்டுகிறேன்.

கேள்வி: தோழிகள் யாருக்கும் இந்த இசை பிடிக்காது. பெண் தனியாகப் போகலாமா?

பதில்: போகலாம். உலகத்திலேயே பெண்கள் கழிப்பறைக்கு வரிசை இல்லாமல், ஆண்கள் கழிப்பறைக்கு மாடிப்படி வரை வரிசை நிற்கும் ஒரே இடம் இதுதான். இடைவேளையில் அந்த வரிசையைத் தாண்டி நடக்கும் இன்பத்துக்காகவே டிக்கெட் வாங்கலாம்.

கூட்டம் பெரும்பாலும் சாது. ஒரே தொந்தரவு, விளக்குகிற ஆண்கள். ஒருவர் என்னிடம் மெலோட்ரான் எப்படி இயங்குகிறது என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா, அதில் வயலினோ புல்லாங்குழலோ பதிந்திருக்கும், கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், எட்டு வினாடியில் தீர்ந்துவிடும், விரலை எடுத்தால்தான் நாடா பழைய இடத்துக்குத் திரும்பும். எல்லாம் சரியான தகவல். கருவி எட்டு வினாடியில் நின்றுவிடும், அவர் நிற்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்று சொன்னால் இரட்டிப்பு வேகத்தில் தொடர்வார்கள். "நீங்கள் முதலில் கேட்டது எந்தத் தட்டு?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும்போது எல்லாரும் கொஞ்சம் மனிதராகிவிடுகிறார்கள். அப்படிப் பேசத் தொடங்கி நட்பாக நீடித்தவர்கள் எனக்கு மூன்று பேர்.

கேள்வி: கச்சேரிக்குப் போய்வந்து இரண்டு நாளாகக் காதில் ரீங்காரம். இது சாதாரணமா?

பதில்: அடிக்கடி நடப்பதுதான், ஆனால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், நாளைக்கே. 85 டெசிபல் ஓசையை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும் என்பது தொழில் பாதுகாப்பு வல்லுநர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு. 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். அதாவது ஒரு 'சப்பர்ஸ் ரெடி' முடிவதற்குள் உங்கள் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். இருபதுகளில் ஒலிபெருக்கிக்கு முன்னால் மூன்று மணி நேரம் நின்றது என் வீரம். இன்று இரவு வீடு அடங்கியதும் என் வலது காதில் எங்கோ தூரத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறது. அது நிற்பதே இல்லை.

இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்த காதடைப்பான் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பஞ்சு போன்றது உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்கி, பாட்டைப் போர்வைக்குள் தள்ளிவிடும். வடிகட்டி வைத்ததோ எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் இறக்கும். இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால், ஒலி மிக்ஸர் மேசைக்குச் சற்று முன்னால். அந்த மேசையில் இருப்பவர் தன் காதுக்கு நன்றாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார்.

கேள்வி: போனில் படம் எடுக்கலாமா?

பதில்: கிங் கிரிம்சன் குழுவை நடத்திய கிடார்காரர் ராபர்ட் ஃபிரிப்பிடம் கேட்டிருந்தால் கொன்றிருப்பார். அந்தக் குழுவின் கடைசி ஆண்டுகளின் சுற்றுப்பயணங்களில், பேஸ் வாசிக்கும் டோனி லெவின் தன் கேமராவைக் கையில் எடுக்கும்போது மட்டுமே நாமும் படம் எடுக்கலாம் என்பது விதி. கச்சேரி முடிந்த பிறகுதான் அவர் அதைத் தொடுவார். நான் போன கச்சேரியில் மூன்று டிரம்ஸ்காரர்கள் முன்வரிசையில், மற்றவர்கள் பின்னால். அந்த இரண்டரை மணி நேரத்தில் என் கையில் எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, யார் எப்போது எந்தக் குச்சியை மாற்றினார் என்பது வரை நினைவிருக்கிறது. கடைசியில் லெவின் கேமராவை எடுத்ததும் நானும் ஒரு படம் எடுத்தேன். கை நடுங்கி எல்லாம் மங்கல்.

கேள்வி: ஆரம்பகால உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத குழுவுக்கு அதே பெயர் தகுமா?

பதில்: பெயர் யாருக்குச் சொந்தம் என்பது வக்கீல்கள் பாடு. யெஸ் குழுவின் பேஸ் கலைஞர் கிறிஸ் ஸ்குவயர் 2015-இல் மறைந்தார். அதுவரை வந்த அவர்களுடைய ஒவ்வொரு ஸ்டூடியோ தட்டிலும் வாசித்தவர் அவர் ஒருவர்தான். தன் இடத்துக்கு பில்லி ஷெர்வுட்டைக் கேட்டுக்கொண்டவரும் அவரே. அவருக்கே ஆட்சேபம் இல்லாதபோது நான் யார்? போங்கள். நன்றாக வாசித்தால் கைதட்டுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் கிளம்புங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. "இந்த வயதில் எதற்கு?" என்கிறார். எப்படிக் கிளப்புவது?

பதில்: ஃபிரிப் வாலிப வயதிலிருந்தே ஸ்டூலில் உட்கார்ந்துதான் வாசித்தார் என்று சொல்லுங்கள். ஜெனிசிஸின் கடைசிக் கச்சேரி, 2022 மார்ச் 26, லண்டன் ஓ2 அரங்கம். உடல்நலம் குன்றியிருந்த ஃபில் காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தே முழுக்கப் பாடினார். அவர் வாசித்த டிரம்ஸில் அன்று அவருடைய மகன். 1975-இல் குழுவை விட்டுப்போன பீட்டர் கேப்ரியல் பார்வையாளர்களில் ஒருவராக வந்திருந்தார். பாடுகிறவரே உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறவர் எதற்கு வெட்கப்பட வேண்டும்? நடைபாதை ஓர நாற்காலியாகப் பார்த்து வாங்குங்கள், காலை நீட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: நீங்கள் தவறவிட்டு வருந்தும் கச்சேரி எது?

பதில்: ரஷ், 2015. நாற்பதாம் ஆண்டுப் பயணம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆகஸ்ட் 1 அன்று கலிபோர்னியாவில் அது முடிந்தது. டிரம்ஸ்காரர் நீல் பேர்ட் எந்தக் கச்சேரி முடிவிலும் மேடையின் முன்பக்கம் வந்து வணங்கும் வழக்கமில்லாதவர். அன்று டிரம்ஸைச் சுற்றி முன்னால் வந்து, மற்ற இருவரின் தோளிலும் கைபோட்டு நின்றார். 2020 ஜனவரியில் காலமானார். அந்தக் காட்சியை நான் வீட்டில், சின்னத் திரையில் பார்த்தேன். அந்த வாரம் எனக்கு ஏதோ அவசர வேலை இருந்தது. என்ன வேலை என்று கணவரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், அவருக்கும் தெரியவில்லை.