பாவித்த வயர்லைன் றொட் வாங்கலாமா? திருமலைப் பாறைக்குத் தாங்குமா?

திருகோணமலை மூதூர்ப் பக்கம் 100 மீற்றர் வரை துளைத்துப் பாறை மாதிரி எடுக்க வேண்டும், பாவித்த என்.கியூ (NQ) அளவு வயர்லைன் றொட், அதாவது துளைக்கிற இரும்புக் குழாய், ஒரு செட் பாதி விலைக்கு வருகிறது, பெயின்ற் எல்லாம் நன்றாக இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு றொட்டின் இரண்டு முனையையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம். இந்த வேலையில் கனகாலம் நிற்கிறவன் என்பதால் சொல்கிறேன், துளைக்குள் றொட் முறிந்தால் அநேகமாக முறிகிற இடம் றொட்டுகளைத் திருகிப் பூட்டுகிற புரிதான்.

காரணம் அந்தக் குழாயின் அமைப்பிலேயே இருக்கிறது. 1958 இல் லோங்இயர் நிறுவனம் வயர்லைன் முறையைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன், ஒவ்வொரு முறை கோர் (உருளையாக வெட்டுப்பட்ட பாறை மாதிரி) எடுக்கவும் முழு றொட் தொடரையும் மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். 100 மீற்றரில் 3 மீற்றர் றொட் என்றால் முப்பதுக்கு மேல் மூட்டு, கழற்றவும் திரும்பப் பூட்டவும். வயர்லைனில் றொட்டெல்லாம் துளைக்குள்ளேயே நிற்கும். கம்பியில் ஓவர்ஷொட் என்ற கொளுவியை இறக்கி, கோர் சேருகிற உள்குழாயை மட்டும் கோரோடு மேலே தூக்கிவிடுவோம். அதற்கு றொட்டின் உட்புறம் அகலமாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். என்.கியூ றொட்டின் வெளிவிட்டம் 69.9 மில்லிமீற்றர், உள்விட்டம் 60.3. மிஞ்சுகிற சுவர் 4.8 மில்லிமீற்றர்தான். ஆண் புரியையும் பெண் புரியையும் அந்த 4.8க்குள்ளேயே வெட்டியிருக்கிறார்கள். புரியின் அடியில் மிஞ்சுகிற இரும்பு எவ்வளவு மெல்லியது என்று நினைத்துப் பாருங்கள். முழுத் தொடரின் பாரமும் முறுக்கும் அதற்குள்ளால்தான் போகின்றன.

சேருவில வீதியால் போகிற ஒரு வேலைத்தலத்தில் முறிந்து வந்த ஆண் முனையொன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். முறிவு முகத்தில் பாதிக்கு மேல் கறுத்துத் துருப்பிடித்திருந்தது, மிச்சம் மட்டும் புது வெள்ளிபோல மினுங்கியது. அந்த வெடிப்பு நெடுநாளாக உள்ளே வளர்ந்து வந்திருக்கிறது. புரியைத் துடைத்துப் பார்த்த ஆள்தான் இல்லை.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். ஆண் முனையில் கடைசிப் புரியின் அடியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். சாயம் ஊற்றிப் பார்க்கிற ஸ்பிரே கிடைத்தால் இன்னும் நல்லது. புரியின் முதுகு தட்டையாக இருக்க வேண்டும். கத்தி விளிம்புபோல் கூராகியிருந்தால் தேய்ந்துவிட்டது. பெண் முனை வாய் விரிந்திருக்கக் கூடாது. பிறகு இரண்டு றொட்டைக் கையால் பூட்டிப் பாருங்கள். நல்ல புரி என்றால் தோளுக்கும் தோளுக்கும் (புரி முடிகிற இடத்து விளிம்பு) இடையில் ஒரு சின்ன இடைவெளி நிற்கும், மெஷின் இறுக்கும்போதுதான் அது மூடும். கையால் பூட்டும்போதே ஒட்டிக்கொண்டால் அந்த மூட்டு ஆயுளை முடித்துவிட்டது. வளைவு பார்க்க ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை வெளிச்சத்தைப் பாருங்கள், இரண்டு தாங்கிகளில் உருட்டியும் பாருங்கள்.

புரியின் வகையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்.கியூ அளவிலேயே சாதாரண கியூ புரியும் ஆர்.கியூ புரியும் உண்டு, ஒன்றோடு ஒன்று சேராது. சீனத்து எஸ் 75 றொட்டும் பார்வைக்கு இதேபோல இருக்கும், ஆனால் அது 71 மில்லிமீற்றர். விட்டம் அளக்கிற வேர்னியர் இல்லாமல் போக வேண்டாம்.

நம்முடைய பாறைக்கு இது ஏன் இன்னும் முக்கியம் என்றால், திருமலையைச் சுற்றிக் குவாட்சைற், சார்னொக்கைற் என்ற பாறைகள் கிடக்கின்றன. குவாட்சைற் கடினம், பாறையை வெட்டுகிற நுனியான பிற்றையும் அரிக்கும். பிற் குளிர்வதற்கான தண்ணீர் றொட்டின் உட்புறத்தால் இறங்கி வருகிறது. தேய்ந்த மூட்டுகளால் அது வழியிலேயே கசிந்தால் மேலே பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், கீழே டயமன் பிற் எரிந்துவிடும். றொட்டில் மிச்சம் பிடித்த காசு பிற்றில் போய்விடும். கசிகிற தண்ணீர் புரியையும் அறுத்துக்கொண்டே போகும்.

விற்கிறவர் "புரி போனால் லேத் கடையில் வெட்டிக்கொள்ளலாம்" என்று சொல்லக்கூடும். அதை நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் அந்த முனைக்கு வெப்பம் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கியிருப்பார்கள். லேத்தில் வெட்டினால் அந்தத் தோல் போய்விடும், பார்க்க அழகாகவும் பாவிக்க ஆபத்தாகவும் இருக்கும். வெல்டிங்கும் வேண்டவே வேண்டாம்.

வாங்கியபின் நல்லதையும் தேய்ந்ததையும் கலந்து பூட்டாதீர்கள், தேய்ந்த புரி புதியதையும் கெடுத்துவிடும். கழற்றும் ஒவ்வொரு முறையும் துடைத்து, துத்தநாகம் கலந்த புரிக் கிறீஸ் பூசுங்கள். சாதாரண பெயாரிங் கிறீஸ் அழுத்தத்தில் பிதுங்கி வெளியே வந்துவிடும். கடற்கரைப் பக்கம் வேலை என்றால் றொட்டை மணலில் போடவே வேண்டாம். நிலாவெளியிலிருந்து புல்மோட்டைவரை உள்ள மணலில் இல்மனைற், சேர்க்கன் என்ற கனிமத் துகள்கள் இருக்கின்றன, கிறீஸில் அது ஒட்டினால் அரைக்கிற பசையாகிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கட்டட அத்திவாரத்துக்காக 15, 20 மீற்றர் பார்ப்பதென்றால் சாதாரண இரட்டைக் குழாய் கோர் பரலே போதும். சேருவிலவில் 1971 இல் செம்பும் மக்னற்றைற் என்ற இரும்புத் தாதும் கண்ட மாதிரியான கனிமத் தேடலுக்கு, அல்லது பாறை உடைந்து துளை சரிகிற இடத்துக்கு, வயர்லைன் தன் விலையைத் திருப்பித் தரும். உங்கள் 100 மீற்றர் அந்தக் கணக்கில் வருகிறது.

பார்க்கிற செட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரி கழிந்திருந்தால் நான் மொத்தமாக எடுக்க மாட்டேன், நல்லதை மட்டும் பொறுக்கி விலை பேசுவேன். கழிந்தவற்றைச் சும்மா தந்தால் வாங்கி வையுங்கள். சுவர் நேராக இருந்தால், பின்னால் என்.கியூவைவிடச் சிறிய பி.கியூ (BQ) துளை போடும்போது அந்த என்.கியூ குழாயை மேல்மண் சரியாமல் காக்கிற கேசிங்காக இறக்கலாம், அங்கே முறுக்கு இல்லை.