டிரினிடாட்டில் பார்த்த அந்தக் குட்டிப் பறவை எது?

டிரினிடாட்டில் ஊதாப் பூச்செடியைச் சுற்றி வண்டு மாதிரி பறந்த, தலையில் செம்பழுப்புக் கொண்டை வைத்த குட்டிப் பறவை எது என்று கேட்டிருக்கிறீர்கள். அது டஃப்டட் கோக்கெட் என்ற ஹம்மிங் பறவையின் ஆண், சந்தேகமே வேண்டாம். நீளம் 7 செ.மீ.கூட வராது, எடை இரண்டரை கிராமுக்குள்தான். கழுத்தின் இரு பக்கமும் விசிறியாக நீளும் இறகுகள், அவற்றின் நுனியில் பச்சைப் பொட்டு, நுனி மட்டும் கறுத்த சிவப்பு அலகு, இத்தனையும் சேர்ந்த பறவை அந்தத் தீவில் வேறு கிடையாது. பெண்ணுக்குக் கொண்டையும் விசிறியும் இல்லை, அதனால் பலர் தவறவிடுகிறார்கள். வாலுக்குச் சற்று மேலே குறுக்காக ஓடும் வெளிர் பட்டையைப் பாருங்கள், அது இரண்டுக்கும் உண்டு.

சரி, வாழிடம். கிழக்கு வெனிசுவேலா, கயானா, வட பிரேசில், அப்புறம் டிரினிடாட். காட்டோரமும் தோட்டமும் இதற்குப் பிடித்த இடங்கள். நாம் சீமை நாயுருவி என்கிற செடியின் பூ என்றால் உயிர். பெரிய ஹம்மிங் பறவைகள் காவல் காக்கும் பூக்களில்கூட, வண்டைப் போல மெதுவாக நகர்ந்து நகர்ந்து, விரட்டுப்படாமல் தேன் குடித்துவிடும், அதைப் பார்ப்பது அவ்வளவு அழகு!