சட்டி சுமந்த தோட்டக்காரன்

கேள்வி: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைப் படித்து முடித்த என் மகள், அதன் உண்மையான நாயகன் தோட்டக்காரன் சாம்தான் என்று வாதிடுகிறாள். தீய ஆற்றல் கொண்ட மோதிரத்தை, அது அழியக்கூடிய எரிமலைக்குச் சுமந்து சென்றவன் சாமின் எஜமானன் ஃப்ரோடோ. அரசனாக முடிசூடியவன் அரகோர்ன். எஜமானனுக்குப் பின்னால் மூட்டையோடு நடந்த வேலைக்காரனை நாயகன் என்பது பொருந்துமா?

பதில்: உங்கள் மகளின் பக்கமே நானும் நிற்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட மூட்டையிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு சிறு சட்டிகளும், மரக்கரண்டியும், நாளுக்கு நாள் குறைந்துவரும் கொஞ்சம் உப்பும் அதில் இருந்தன. அந்த எரிமலை இருக்கும் எதிரி நாடான மோர்டோரின் எல்லையை ஒட்டிய இத்திலியன் காட்டில், மெலிந்துபோன ஃப்ரோடோ உறங்கிக்கொண்டிருக்க, அவர்களுக்கு வழிகாட்டிய கோலம் என்பவன் பிடித்துவந்த இரண்டு முயல்களை மூலிகையிட்டு சாம் வேகவைத்தது அந்தச் சட்டிகளில்தான். பிறகு மோர்டோருக்குள், கையிருப்பு உணவு மலைவரை போதலாம், திரும்பி வரப் போதாது என்று கணக்கிட்டுத் தெளிந்த பின்னர், சுமையைக் குறைப்பதற்காக அவற்றை ஒரு நிலப்பிளவில் எறிகிறான். அவை உருண்டு விழும் ஓசை அவனுக்குச் சாவுமணிபோல் கேட்கிறது. வீடு திரும்ப முடியாது என்று அறிந்த பிறகும் அவன் நடையை நிறுத்தவில்லை. அதைப் பார்க்கவோ பாராட்டவோ, தளர்ந்துபோன ஃப்ரோடோவைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. ஷெலோப் என்னும் ராட்சதச் சிலந்தியோடு அவன் வாளேந்திப் போரிட்டதைவிட, இந்த இடமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மோதிரம் அவனையும் சோதிக்காமல் விடவில்லை. ஃப்ரோடோ இறந்துவிட்டான் என்று நம்பிச் சிறிது காலம் அதைச் சுமந்தபோது, படை நடத்தி வென்று, பாழ்நிலம் முழுவதையும் பூந்தோட்டமாக்கும் மாவீரனாகத் தன்னைக் கற்பனையில் காண்கிறான். தோட்டக்காரனுக்கு அதைவிடப் பெரிய ஆசை என்ன காட்ட முடியும்? ஆயினும், தன் இரு கைகளால் பேணத்தக்க ஒரு சிறிய தோட்டமே தனக்குப் போதும் என்பதை எஜமானன்மீது கொண்ட அன்பும் இயல்பான நிதானமும் அவனுக்கு நினைவூட்டுகின்றன. ஃப்ரோடோ உயிரோடிருப்பதை அறிந்து மீட்டதும், சிறு தயக்கத்திற்குப் பின் மோதிரத்தை அவனிடமே திருப்பித் தருகிறான்.

இத்தகைய மனிதர்களை ஆசிரியர் டோல்கீன் நேரில் கண்டிருக்கிறார். முதல் உலகப் போரில், 1916-ஆம் ஆண்டு பிரான்சின் சோம் போர்க்களத்தில் லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் தகவல் தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றியவர் அவர். அங்கே தாம் பழகிய சாதாரணச் சிப்பாய்களும் அதிகாரிகளுக்கு உதவிய பணியாட்களுமே சாமின் வார்ப்பு என்றும், அவர்கள் தம்மைவிட மிக உயர்ந்தவர்கள் என்றும் பின்னாளில் சொன்னார்.

இதனால் ஃப்ரோடோவின் பெருமை குறைந்துவிடாது. தாங்கவொண்ணாத பாரத்தை எரிமலையின் விளிம்புவரை கொண்டுசென்றவன் அவன். ஆனால் அந்த மலைச்சரிவில் அவனால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாமல் போனபோது, மோதிரத்தைத் தன்னால் சுமக்க முடியாவிட்டாலும் அதைச் சுமப்பவனைச் சுமக்க முடியும் என்று சொல்லி, அவனை முதுகில் ஏற்றிக்கொண்டவன் சாம். பெரும் பாரமாக இருப்பான் என்று அஞ்சித் தூக்கியவனுக்கு, ஃப்ரோடோ ஒரு குழந்தையைப்போல் இலேசாக இருந்தான். முயல் சமைக்கும் அத்தியாயத்தையும் இந்த மலையேற்றத்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்; பிறகு உங்கள் மகளோடு மீண்டும் வாதிடலாம்.