'உதவி வேண்டாம்' என்று எழுதினால் இடம் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். நிதி உதவி கேட்கிறீர்களா என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டால் இடம் சுலபமாகக் கிடைக்கும், சேர்ந்த பிறகு நிலைமையைச் சொல்லி உதவி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். முதல் வருடத்துக்கு எப்படியாவது பணம் புரட்டிவிடுவோம். அப்படிச் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர் என்றால் பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் எவ்வளவு உதவி தேவைப்படும் என்பதையும் பார்த்துத்தான் இடம் தருகின்றன. அதற்கென ஒதுக்கும் தொகை குறைவு, கேட்பவர்கள் நிறைய. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், 2022இல் இந்த வழிக்கு வந்த டார்ட்மத், பௌடின் என்று ஒரு சிறு வரிசைதான் பணத் தேவையைக் கணக்கில் எடுக்காமல் வெளிநாட்டவரைத் தேர்ந்தெடுத்து, சேர்ந்தவர்களுக்குத் தேவை முழுவதையும் தருகிறது. அங்கே 'ஆம்' என்று எழுதுவதால் ஒரு நஷ்டமும் இல்லை, ஆனால் இடம் கிடைப்பதே பெரும்பாடு.

மீதிப் பாதிதான் பொய். சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் படிப்பு முடியும்வரை கேட்கவே முடியாது என்று பல கல்லூரிகள் விதியாகவே வைத்திருக்கின்றன. வேறு கதவும் பெரிதாக இல்லை. அமெரிக்க அரசு தரும் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை, அரசுக் கல்விக்கடன் எதுவும் எஃப்-1 என்ற மாணவர் விசாக்காரர்களுக்குக் கிடையாது. அங்குள்ள தனியார் கடன்காரர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ளவர் ஒருவரின் ஜாமீன் கேட்பார்கள். வேலை செய்து சமாளிக்கலாம் என்றால், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி, முதல் வருடம் வெளியே வேலைக்குப் போகவே கூடாது. அந்தச் சம்பளம் கைச்செலவுக்கு உதவும், கல்விக் கட்டணத்துக்குக் கிட்டேகூட வராது. முதல் வருடப் பணத்தோடு போய் இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் நிற்கும் பிள்ளைக்குப் படிப்போடு விசாவும் ஆட்டம் காணும். பதினெட்டு, பத்தொன்பது வயதில், யாரும் பக்கத்தில் இல்லாத ஊரில் அதைத் தனியாகச் சுமப்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையான வருமானத்தைச் சொல்லிக் கேளுங்கள். பல கல்லூரிகள் குடும்பத்தின் பண நிலைமையைக் காட்டும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கும், அதற்குக் கட்டணம் உண்டு. அது உங்களுக்குப் பாரம் என்றால் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், கட்டண விலக்கோ வேறு இலவசப் படிவமோ தருகிற இடங்கள் இருக்கின்றன. கேட்பதில் வெட்கம் வேண்டாம். கென்டக்கியில் பெரியா என்றொரு கல்லூரி, யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, மாணவர்கள் எல்லோரும் அங்கேயே வேலை செய்தபடி படிக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு இடங்கள் குறைவு, ஆனாலும் பட்டியலில் சேர்க்க வேண்டியது.

கேள்வி: எனக்கு வருடம் 30,000 டாலர் ஸ்காலர்ஷிப் தந்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வாழ்த்துகள்! ஆனால் அந்தத் தொகையை விடுங்கள், மீதி எவ்வளவு என்று பாருங்கள். மொத்தச் செலவு வருடம் 80,000 டாலர் என்றால் நீங்கள் கட்ட வேண்டியது 50,000, நான்கு வருடத்துக்கு இரண்டு லட்சம் டாலர். தனியார் கல்லூரிகளில் 80,000 இப்போது அபூர்வமும் இல்லை. அப்புறம், கட்டணம் வருடாவருடம் ஏறும், ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அதே தொகையில் நிற்கும். எத்தனை வருடம் தருவார்கள், மதிப்பெண் எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள், மருத்துவக் காப்பீடு இதில் அடங்குமா என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நாளை உதவித்தொகை தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து வந்தால், அந்தப் பகுதிக்குப் பொதுவாக 14 சதவீதம் வரி பிடிப்பார்கள், இது தெரியாமல் முதல் செமஸ்டரில் தவித்துப்போகிறவர்கள் உண்டு.

கேள்வி: மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்க வங்கியில் பணம் காட்ட வேண்டுமாம். உறவினரிடம் வாங்கி ஒரு வாரம் போட்டுவைத்தால் போதுமா?

பதில்: வேண்டாம். ஐ-20 தருவதற்கு முதல் வருடச் செலவுக்கு ஆதாரம் கேட்பார்கள், சரி. ஆனால் விசா நேர்காணலில் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, அடுத்த வருடம் யார் கட்டுவார்கள் என்றும் கேட்கலாம். உறவினர் உண்மையிலேயே உதவுவதாக இருந்தால் அவரையே ஸ்பான்சராகக் காட்டி, அவருடைய வருமானச் சான்றையும் கடிதத்தையும் வையுங்கள்.